குளோட்டோலாக்: அழிந்த தென் அமெரிக்க மொழிகளின் உறவைத் தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

உலக மொழிகளைக் குடும்பம் குடும்பமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பற்றி என்ன நூல், என்ன கட்டுரை, என்ன பழைய கையெழுத்துப் படி இருக்கிறது என்று காட்டும் இலவச இணையதளம் குளோட்டோலாக். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனம் வெளியிடுகிறது. ஹரால்ட் ஹாமர்ஸ்ட்ரோம், ராபர்ட் ஃபோர்க்கெல், மார்ட்டின் ஹாஸ்பெல்மாத், செபாஸ்டியன் பாங்க் ஆகியோர் தொகுப்பாளர்கள். கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணமும் இல்லை. தமிழ், தெலுங்கு போல நிறைய எழுதப்பட்ட மொழிகளைப் பற்றி அறிய இதைவிட நல்ல வழிகள் உண்டு. பேசுவோர் ஒருவரும் இல்லாமல், நாற்பது ஐம்பது சொல் மட்டும் காகிதத்தில் மிஞ்சிய மொழிகளுக்குப் போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அப்படிப்பட்ட மொழிகள் தென் அமெரிக்காவில் ஏராளம். மொழியியலர் லைல் கேம்பெல் 2012இல் வெளியிட்ட கணக்குப்படி அந்தக் கண்டத்தில் 53 மொழிக்குடும்பங்களும், எந்தக் குடும்பத்திலும் சேராத 55 தனிமொழிகளும் உண்டு. மொத்தம் 108. இவை போக, பெயர் மட்டும் தெரிந்த மொழிகள் வேறு. இவ்வளவு சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் இருநூறு ஆண்டுகளாக இதை அதோடு, அதை இதோடு என்று இணைத்து வந்திருக்கிறார்கள். அந்த இணைப்புகளில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இந்தத் தளம் எந்த அளவு கைகொடுக்கும் என்பதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேடலைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் தவறான நம்பிக்கையோடு வெளியே வருவீர்கள். ஒரு குடும்ப உறவு எத்தனை சொல்லின் மேல் நிற்கிறது, அந்தச் சொற்களை யார் எந்தக் காதால் கேட்டு எழுதினார் என்ற இரண்டையும் இந்தத் தளம் சொல்லாது. அதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

மொழியின் பக்கத்தில் என்ன இருக்கிறது

பெயரைத் தேடினால் அந்த மொழிக்கு ஒரு பக்கம் திறக்கும். நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு ஒவ்வொரு மொழிக்கும் உண்டு, தமிழுக்கு டி-ஏ-எம்-ஐ-1289. பெயர்கள் குழம்பிக் கிடக்கும் தென் அமெரிக்காவில் இந்தக் குறியீடு பெரிய உதவி. 'கொரோவாதோ' என்று போர்ச்சுகீசியர்கள் தலைமுடி வெட்டை வைத்து அழைத்த மக்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்தார்கள்: பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலப் பக்கம் புரி மொழியோடு தொடர்புடையவர்கள், தெற்கே கைங்காங் மக்கள். 'பொட்டொகுடோ'வும் 'மாக்கு'வும் அப்படியே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல மக்களுக்கு ஒட்டிய பெயர்கள். பழைய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பெயரை மட்டும் பார்த்து இரண்டு மொழியின் சொற்களை ஒரே பட்டியலில் கலந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. குறிப்பு எடுக்கும்போது பெயரோடு குறியீட்டையும் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

பக்கத்தின் கீழே நூற்பட்டியல் அட்டவணையாக வரும். ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பக்க எண்ணிக்கை, ஆவண வகை என்று நெடுவரிசைகள். ஆவண வகையில் இலக்கணம், இலக்கணச் சுருக்கம், அகராதி, சொற்பட்டியல், உரை, ஒப்பீடு என்று பிரித்திருக்கிறார்கள். தென் அமெரிக்கப் பகுதியின் நூல் விவரங்கள் செழிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம், அலன் ஃபாப்ர் பல ஆண்டுகள் தொகுத்த நூற்பட்டியலும் இதில் சேர்க்கப்பட்டிருப்பது. அட்டவணையை ஆண்டுவாரியாக அடுக்கி, 'சொற்பட்டியல்' வகையை மட்டும் வடிகட்டினால் மூலச் சான்றுகள் மேலே வந்து நிற்கும். பக்க எண்ணிக்கை நெடுவரிசையைத் தவறாமல் பாருங்கள். ஒரு மொழிக்குப் பதினைந்து நூல்கள் காட்டினாலும், பதினைந்தும் ஒரே இரண்டு பக்கப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டவையாக இருக்கலாம்.

அந்த அட்டவணையில் 'சி.ஏ.' என்று ஒரு சின்ன நெடுவரிசை உண்டு. அதில் குறி இருந்தால், அந்த நூலை அந்த மொழிக்குக் கீழே போட்டது மனிதர் அல்ல, தலைப்பில் உள்ள சொற்களைப் பார்த்த கணினி நிரல். இப்படிச் சேர்ந்தவற்றில் வேறு மொழியின் நூல்களும் இருக்கும். குறி உள்ள நூலைத் திறந்து பார்க்காமல் சான்றாக எடுக்கக் கூடாது.

அழிந்த மொழி என்றாலே சான்று குறைந்த மொழி என்று நினைப்பவர்களுக்கு, இதே தளத்தின் குளோட்டோஸ்கோப் என்ற பகுதி நல்ல மருந்து. மொழியின் உயிர்நிலை ஒரு அளவு, அதைப் பற்றி எழுதப்பட்டதன் விரிவு இன்னொரு அளவு. பிரேசிலின் வடகிழக்கில் பேசப்பட்ட கரிரி மொழிகளில் ஒன்றான கிபேயா அழிந்து நெடுநாள் ஆகிறது. ஆனால் லூயிஸ் மமியானி என்ற இயேசு சபைப் பாதிரியார் 1698இல் அதில் ஒரு ஞானோபதேசத்தையும் 1699இல் அதன் இலக்கணத்தையும் அச்சிட்டுவிட்டார். பெருவின் மோச்சிக்காவுக்கு ஃபெர்னாண்டோ தே லா கரேரா 1644இல் எழுதிய இலக்கணம் உண்டு. இவற்றோடு ஒப்பிட, பெரு மலைநாட்டின் குல்யி மொழிக்கு 18ஆம் நூற்றாண்டின் 43 சொற்களும், 1915இல் ஒரு பாதிரியார் குறித்த 19 சொற்களும், ஊர்ப்பெயர்களும்தான் மிச்சம். மூன்றும் அழிந்தவையே. உறவு தேடும் வேலையில் மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

தனிமொழி, வகைப்படுத்த இயலாதது, சான்றில்லாதது

குளோட்டோலாக்கின் மிகச் சிறந்த அம்சம் இந்த மூன்று பிரிவு. ஒப்பிடப் போதிய தரவு இருந்தும் உறவு நிறுவப்படாத மொழி, தனிமொழி. ஏதோ சில சொல் கிடைத்தாலும் ஒப்பிடுவதற்குப் போதாத மொழி, வகைப்படுத்த இயலாதது. பேசினார்கள் என்ற குறிப்பு மட்டும் இருந்து ஒரு சொல்லும் மிஞ்சாத மொழி, சான்றில்லாதது. வேறு பல பட்டியல்களில் இந்த மூன்றும் 'வகைப்படுத்தப்படாதவை' என்ற ஒரே மூட்டைக்குள் கிடக்கும். அதைவிட மோசம், மூன்றும் ஏதாவது ஒரு குடும்பத்துக்குள் நுழைக்கப்பட்டிருக்கும்.

செஸ்ட்மிர் லௌகோட்கா என்ற செக் அறிஞரின் தென் அமெரிக்க வகைப்பாடு அவர் இறந்த பிறகு 1968இல் லாஸ் ஏஞ்சலஸில் அச்சானது. கண்டம் முழுவதையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்த அந்த உழைப்புக்கு இன்றும் ஈடு இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தலை, கண், நீர், நெருப்பு போன்ற சில அடிப்படைச் சொற்களைப் பட்டியலாகத் தந்தார். ஆனால் நூற்றுக்கணக்கான மொழிப் பெயர்களின் பக்கத்தில் 'எதுவும் இல்லை' என்று அவரே குறித்திருக்கிறார். ஒரு சொல்கூடத் தெரியாத அந்த மொழிகளையும், பக்கத்து ஊரில் இருந்தவர்கள் என்ற அடிப்படையில் குடும்பங்களுக்குள் அடுக்கினார். பின்னால் வந்த தொகுப்புகள் அந்த அடுக்கை எடுத்துக்கொண்டன, 'எதுவும் இல்லை' என்ற குறிப்பை விட்டுவிட்டன. இணையத்தில் இன்று சுற்றும் குடும்ப மரங்களில் ஆதாரமே இல்லாத கிளைகள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏதாவது ஒரு மரத்தில் பார்த்த பெயரை குளோட்டோலாக்கில் தேடுங்கள். 'சான்றில்லாதது' பிரிவில் இருந்தால் அந்தக் கிளையை அடித்துவிடலாம். பத்து நிமிட வேலை. பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

43 சொற்கள்

தளம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்க பெருவின் வடகடற்கரை மிகச் சரியான இடம். 1780களில் த்ருஹில்யோவின் ஆயராக இருந்த மார்த்தினெஸ் கொம்பாஞோன், 43 ஸ்பானியச் சொற்களை எட்டு உள்ளூர் மொழிகளில் எழுதவைத்து ஒரு பக்க அட்டவணை தயாரித்தார்: கெச்சுவா, யுங்கா என்ற மோச்சிக்கா, செச்சூரா, கோலான், கட்டகாவோஸ், குல்யி, இபிட்டோ, சோலோன். இவற்றில் கோலானுக்கும் கட்டகாவோசுக்கும் ஏறக்குறைய இந்த அட்டவணையே முழுச் சான்று. செச்சூராவுக்குக் கூடுதலாக, தாவரவியலர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் 1863இல் பியூரா பகுதியில் எழுதிய ஒரு சிறு பட்டியல் உண்டு.

கோலானையும் கட்டகாவோசையும் அருகருகே வையுங்கள். நீர் இரண்டிலும் 'யூப்'. கடல் 'அமும்', 'அமாவும்'. இறத்தல் கோலானில் 'த்லகாத்தி', கட்டகாவோசில் 'லகாத்து'. எலும்பு 'த்லத்லபிராம்', 'லலபெச்சென்'. கோலானில் 'த்ல' வரும் இடத்தில் கட்டகாவோசில் 'ல' வருகிறது, எலும்பு என்ற ஒரே சொல்லில் இரண்டு முறை. வெறும் ஒலிச்சாயலுக்கும் உறவுச் சான்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. தமிழில் ப வரும் இடத்தில் கன்னடத்தில் ஹ வருகிறது: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பூ–ஹூவு, பெயர்–ஹெசரு. அந்த ஒழுங்குதான் உறவைக் காட்டுகிறது. சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும் என்பது இல்லை. கோலான்–கட்டகாவோஸ் விஷயத்தில் அப்படி ஒரு ஒழுங்கின் தொடக்கம் தெரிகிறது. இரண்டும் நெருங்கிய உறவு என்பதில் இன்று யாருக்கும் பெரிய சந்தேகம் இல்லை.

செச்சூரா வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. அதில் இறத்தல் 'லக்துக்'. மற்ற இரண்டோடு அழகாகப் பொருந்துகிறது. பறவை செச்சூராவில் 'யைபாப்', கோலானில் 'யையாவ்', கட்டகாவோசில் 'யேயா', பொருந்துவதுபோல் இருக்கிறது. ஆனால் நீர் 'ஷோத்தோ', எலும்பு 'ருஞ்ஞோ', ஒட்டவே இல்லை. மூன்று ஊர்களும் பியூரா பகுதியில் பக்கத்துப் பக்கத்தில். தூரத்து உறவா, நூற்றாண்டுக்கணக்கான அண்டைவாழ்வில் கைமாறிய சொற்களா? 'சாவு' போன்ற வினை எளிதில் கடன் வாங்கப்படுவதில்லை என்பது உறவுக்குச் சாதகம். நீரும் எலும்பும் எளிதில் மாறாத சொற்கள் என்பது உறவுக்குப் பாதகம். குளோட்டோலாக் செச்சூராவைத் தனியாகவே நிறுத்துகிறது. இது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் இந்த இரண்டு பக்க வாதமும் தளத்தில் எங்கும் இல்லை. வகைப்பாட்டுக்கு ஆதாரம் என்று ஒரு நூலின் பெயர் மட்டும் நிற்கும். புதிதாக வருகிறவர் 'உறவு இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்' என்று அதைப் படித்துக்கொள்வார். நிரூபணம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சான்று போதவில்லை, அவ்வளவே.

தற்செயல் எவ்வளவு தரும்

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் எந்த ஒப்பீட்டையும் படிக்கக் கூடாது. இரண்டு மொழிகளிலும் சொல்லின் முதலில் வரக்கூடிய மெய்கள் 12 என்றும், எல்லாம் சம அளவில் வருகின்றன என்றும் கொள்வோம். முதல் மெய் ஒத்திருந்தால் போதும் என்று 40 சொற்களை ஒப்பிட்டால், எந்த உறவும் இல்லாமலேயே மூன்று நான்கு சொல் பொருந்தும். உண்மையில் எந்த மொழியிலும் மெய்கள் சம அளவில் வருவதில்லை. அதனால் தற்செயல் இன்னும் கூடும். 'நீர்' என்பதற்கு நேராக 'ஆறு', 'மழை', 'குடி' ஆகியவற்றையும் ஏற்றுக்கொண்டால் மேலும் கூடும்.

இப்போது ஒரு மொழியைப் பத்து மொழிகளோடு ஒரே நேரத்தில் ஒப்பிட்டு, பத்தில் ஏதாவது ஒன்றில் பொருந்தினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் எதிலாவது பொருந்தும் வாய்ப்பு 58 சதவீதம் ஆகிறது. 40 சொல்லில் 23 பொருந்திவிடும், முழுக்கத் தற்செயலாக. ஜோசப் கிரீன்பெர்க் 1987இல் தென் அமெரிக்கா முழுவதையும், வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் 'அமெரிண்ட்' என்ற ஒரே குடும்பமாக்கியபோது பயன்படுத்திய பலமொழி ஒப்பீட்டின் மீது வல்லுநர்கள் வைத்த அடிப்படை ஆட்சேபம் இதுதான். குளோட்டோலாக்கில் அமெரிண்டுக்கு இடமில்லை.

பிரெஞ்சு இனவியலர் போல் ரிவே இன்னொரு பாடம். கொலம்பியாவின் பசிபிக் கரையில் இருந்த யுருமாங்கி மொழிக்கு 1768இல் எழுதப்பட்ட ஒரு சிறு சொற்பட்டியலே சான்று. 1942இல் ரிவே அதைக் கலிபோர்னியா, மெக்சிகோ பக்கத்து ஹோக்கா மொழிகளோடு இணைத்தார். ஹோக்கா என்ற குடும்பமே இன்னும் உறுதியாக நிறுவப்படாத ஒன்று. அதற்குள் பல மொழிகள். சிறிய பட்டியலை ஒரு பக்கமும் பெரிய தொகுதியை மறுபக்கமும் வைத்தால் பொருத்தம் கிடைக்காமல் இருப்பதுதான் அபூர்வம். இதே ரிவே 1925இல் தென்கோடியின் சோன் மொழிகளை ஆஸ்திரேலிய மொழிகளோடும் இணைத்தார். குளோட்டோலாக் யுருமாங்கியைத் தனிமொழியாக வைக்கிறது.

கணினி செய்தால் பிழை வராது என்று நம்புவோர் ஏ.எஸ்.ஜே.பி. தரவுத்தளத்துக்குப் போவார்கள். ஒவ்வொரு மொழிக்கும் நிலையான 40 சொல்லை எடுத்து, எழுத்து வேறுபாட்டைக் கணக்கிட்டு மரம் வரைகிற திட்டம் அது. தரவு நிறைந்த மொழிகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. நம் 43 சொல் அட்டவணையை அதில் பொருத்திப் பாருங்கள். ஆயர் கேட்டவை கடவுள், ஆன்மா, மகிழ்ச்சி, வலி, அலை, பூ, பழம், புல் என்று போகின்றன. கண் இல்லை, காது இல்லை, கை இல்லை, நாக்கு இல்லை. நான், நீ இல்லை. ஒன்று, இரண்டு இல்லை. இரண்டு பட்டியலுக்கும் பொதுவானவை ஆள், மீன், மரம், எலும்பு, குடி, சா, சூரியன், நட்சத்திரம், நீர், நெருப்பு ஆகிய பத்து மட்டுமே. பத்துச் சொல்லை வைத்து வரைந்த மரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. குளோட்டோலாக் இத்தகைய தானியங்கி மரங்களைத் தன் வகைப்பாட்டுக்கு அடிப்படையாக்குவதில்லை என்பது அதன் நம்பகத்தன்மைக்கு இன்னொரு காரணம்.

மூலத்துக்குப் போவது

தளம் நூலின் பெயரைத் தரும். நூலை எப்போதும் தராது. பிரேசில் சார்ந்த மூலங்களுக்கு எத்னோலிங்குவிஸ்டிகா தளத்தின் கூர்ட் நிமுவெந்தாஜூ எண்ணிம நூலகம் முதல் இடம். முழுக்க இலவசம், போர்ச்சுகீசியத்தில் இருக்கிறது என்றாலும் ஆசிரியர் பெயரைக் கொண்டு தேடலாம். இத்தகைய ஒளிநகல்களின் மதிப்பு 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ தே ஜனைரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது எல்லோருக்கும் புரிந்தது. பிரேசில் பூர்வகுடிகளை ஆராய்ந்த நிமுவெந்தாஜூவின் தாள்கள் உட்பட, அங்கிருந்த பூர்வகுடி மொழி ஆவணங்கள் போய்விட்டன. எங்கோ யாரோ நகல் எடுத்தது மட்டும்தான் இனி சான்று. ஸ்பானிய அமெரிக்காவின் பழைய அச்சு நூல்கள் பலவற்றை ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

பட்டியல் கைக்கு வந்ததும் அதை அப்படியே ஒப்பிடத் தொடங்குவதுதான் மிகப் பரவலான தவறு. முதலில் எக்செல்லில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: பொருள், மூலத்தில் உள்ளபடி எழுத்து, எழுதியவரின் தாய்மொழி, நீங்கள் ஊகிக்கும் ஒலி, ஐயக் குறிப்பு. மூல எழுத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள். ஊகத்தை அடுத்த நெடுவரிசையில் மட்டும் எழுதுங்கள். 'எக்ஸ்' என்ற எழுத்து போர்ச்சுகீசியர் எழுதினால் பெரும்பாலும் 'ஷ'. பிரெஞ்சுக்காரர் 'ஓ-யு' என்று எழுதினால் 'உ'. மார்ட்டியுஸ் போன்ற தென் ஜெர்மன் பயணிகள் எழுதிய பட்டியல்களில் ப, த ஆகியவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் மாறிக் கிடக்கும். அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே அந்த வேறுபாடு மங்கல். அதனால் அத்தகைய பட்டியலில் இரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். அப்படி எண்ணும்போது ஒலிகளின் எண்ணிக்கை குறைகிறது, தற்செயல் பொருத்தம் கூடுகிறது. இதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து உடலுறுப்புச் சொற்களை மட்டும் தனியாக அடுக்கிப் பாருங்கள். தலை, கண், பல், கை எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கினால் அது வேரின் பகுதி அல்ல. 'என்' அல்லது 'உன்' என்ற முன்னொட்டு. தென் அமெரிக்க மொழிகள் பலவற்றில் உறுப்பையும் உறவுமுறையையும் உடையவர் இல்லாமல் சொல்ல முடியாது. பயணி தன் மூக்கைத் தொட்டுக் கேட்டால் 'உன் மூக்கு' என்று பதில் வரும். இந்த முன்னொட்டை வெட்டாமல் ஒப்பிட்டால் ஒரே ஒரு பொருத்தம் பத்துப் பொருத்தமாகப் பெருகித் தெரியும். சொல்லின் பின்னால் திரும்பத் திரும்ப வரும் அசைகளுக்கும் இதே சோதனை.

பிறகு நீக்க வேண்டியவை. அம்மா, அப்பா வகைச் சொற்கள். பறவை ஒலியைப் போலிசெய்யும் பெயர்கள். மேலே பார்த்த 'யைபாப்' வரிசைகூட இந்த ஐயத்துக்கு உரியதே. மக்காச்சோளம், மரவள்ளி, நாய், கோடரி போலப் பண்டத்தோடு பயணிக்கும் சொற்கள். பிரேசிலில் துப்பியிலிருந்தும், ஆண்டிஸில் கெச்சுவா, ஐமராவிலிருந்தும் வந்த கடன்கள். 60 சொல்லோடு தொடங்கினால் இதற்குப் பிறகு 35 மிஞ்சினாலே நல்லது. அதில் ஒரே ஒலிமாற்றம் மூன்று நான்கு சொல்லிலாவது திரும்ப வருகிறதா என்பதுதான் கேள்வி.

பழைய பட்டியலைப் பொறுமையாகத் திரும்பப் படித்தால் விடை மாறும் என்பதற்கு கொரோபோ நல்ல சாட்சி. கிழக்கு பிரேசிலின் இந்த மொழியை நெடுங்காலம் புரி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பயணிகளின் பட்டியல்களை மீண்டும் அலசி, 2015இல் ராமிரெஸ், வெஜினி, ஃப்ரான்சா மூவரும் லியாமெஸ் இதழில் எழுதிய கட்டுரை, அது மஷகலி மொழிகளோடு சேர வேண்டியது என்று காட்டியது. புதிய சான்று எதுவும் கிடைக்கவில்லை. இருந்ததையே ஒழுங்காகப் படித்தார்கள். காம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் அந்த இதழும் இலவசமே.

எங்கே இறுக்கம் அதிகம்

குளோட்டோலாக் எப்போதும் பிரிக்கும் பக்கமே சாய்கிறது. பிரேசிலின் மாக்ரோ-ஜே என்ற பெருங்குடும்பத்தில் மொழியியலர் ஆர்யோன் ரொட்ரிகெஸ் கரிரி, பொரோரோ, குவாட்டோ, ஃபுல்னியோ எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார். தளம் அதன் மையப் பகுதியை மட்டும் குடும்பமாக ஏற்று, இவற்றை வெளியே நிறுத்துகிறது. அர்ஜென்டினாவின் லூலே, விலேலா இரண்டையும் பலர் ஒரே குடும்பமாக எழுதிவருகிறார்கள். லூலேக்கு மச்சோனியின் 1732 இலக்கணமே உண்டு, தரவு அவ்வளவு மோசமில்லை. இங்கே இரண்டும் தனித்தனித் தனிமொழிகள்.

புக்கினாவின் நிலைதான் என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. தித்திக்காக்கா ஏரிப் பக்கத்தின் இந்த மொழிக்கு அலோன்சோ தே பார்சானா எழுதிய இலக்கணம் தொலைந்துவிட்டது. ஹெரோனிமோ தே ஓரே 1607இல் நேப்பிள்ஸில் அச்சிட்ட சமய நூலில் உள்ள மொழிபெயர்ப்புகளே மிச்சம். அவற்றில் 'என்' என்பதற்கு 'நோ', 'உன்' என்பதற்கு 'போ'. தென் அமெரிக்காவின் பெரிய குடும்பங்களில் ஒன்றான அராவாக்கில் தன்மைக்கு 'ந', முன்னிலைக்கு 'ப' என்பது அடிப்படை அடையாளம். இலக்கண உருபுகளில், அதே இடத்தில், அதே வரிசையில் அமைந்த பொருத்தம் இது. பொருட்பெயர்ப் பொருத்தத்தைவிடக் கனம் அதிகம். ஆனாலும் ஒரே ஒரு மெய் கொண்ட இரண்டு உருபுகள், 'ந' உலகெங்கும் தன்மைக்கு அடிக்கடி வரும் ஒலி, அடிப்படைச் சொற்களில் ஆதரவு குறைவு. தளம் புக்கினாவைத் தனிமொழி என்கிறது. தீர்ப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் செச்சூராவுக்கும் புக்கினாவுக்கும் யுருமாங்கிக்கும் ஒரே 'தனிமொழி' முத்திரை குத்தும்போது, பேசத் தகுந்த முன்மொழிவும் காற்றில் கட்டியதும் ஒன்றாகிவிடுகின்றன. 'முன்மொழியப்பட்ட உறவுகள்: பலம் இவ்வளவு, பலவீனம் இவ்வளவு' என்று ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வரி சேர்த்தால் இந்தத் தளத்தின் பயன் பல மடங்காகும். இதற்கு இப்போதைக்கு கேம்பெல், வெரோனிக்கா கிரொண்டோனா தொகுத்த 2012 கையேட்டைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதன் விலை தனிநபர் எளிதில் வாங்கும் விலை அல்ல. பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள்.

புதிய சான்று வருவது அபூர்வம் என்றாலும் வரத்தான் செய்கிறது. சார்ருவா குடும்பத்தின் சானா மொழிக்கு லார்ரஞாகா 1815இல் எழுதிய சுருக்கம்தான் கடைசி என்று நினைத்திருந்தபோது, 2005இல் அர்ஜென்டினாவின் பரனா நகரில் பிளாஸ் ஹைமே என்ற முதியவர் அந்த மொழியின் சொற்களை நினைவில் வைத்திருப்பது வெளியே தெரிந்தது. மொழியியலர் பெத்ரோ வியேகாஸ் பார்ரோஸ் அவரோடு அமர்ந்து அதைப் பதிவு செய்தார். இப்படி ஒன்று நடந்தால் வகைப்பாட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆகவே பதிப்பு எண் முக்கியம். குளோட்டோலாக் அவ்வப்போது புதிய பதிப்பு விடுகிறது. மொழிகள் இடம் மாறும். மேற்கோள் காட்டும்போது பதிப்பு எண்ணை எழுதாவிட்டால் ஒரு வருடத்துக்குப் பிறகு நீங்கள் சொன்னதை யாரும் சரிபார்க்க முடியாது. பழைய பதிப்புகள் ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. முழுத் தரவையும் பதிவிறக்கலாம். பெயர் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமம். கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் சிறப்பு எழுத்துகள் சிதையும். 'தரவு இறக்குமதி' வழியாக யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறக்கவும். கைபேசியில் நூற்பட்டியல் அட்டவணை அகலம் கொள்ளாது, கணினிதான் வசதி. மாற்று எழுத்துகளில் தேடிப் பாருங்கள்: கே-யில் தொடங்கும் கரிரி, சி-யில் தொடங்கும் கரிரி, கிரிரி என்று மூன்றும்.

பிழை கண்டால், நிரல்களையும் தரவையும் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள அவர்களின் பக்கத்தில் எழுதலாம். 'இந்த மொழி அந்தக் குடும்பம் அல்லவா' என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. மொழியின் குறியீடு, நூலின் பெயர், பக்க எண், மூலத்தில் உள்ளபடி சொற்கள், நீங்கள் காணும் ஒலிமாற்றம், அது எத்தனை சொல்லில் வருகிறது என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.